திரைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கடிதத்தைப் பதான்கோட் முகாமுக்கு அனுப்பவில்லை. இராஜபாளையத்தில் உன் மாமனார் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். எழுத்து கோணியிருக்கிறது.

தோள்வலிக்காக இன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அங்கே பிசியோதெரபிக்கு வந்திருந்தேன். தோளில் பட்டைகளை ஒட்டி லேசாகக் கரண்ட் வைத்துவிட்டு, சிகிச்சை தரும் பெண் திரைக்கு அந்தப் பக்கம் போனாள்.

"கம்பியப் பிடிக்காம நில்லுங்கண்ணே. பட்டாளத்துக்காரவுக இம்புட்டுக் கத்தலாமா?"

"உசுரு போகுது தங்கச்சி. எங்கம்மா பாத்தா, 'நிமிந்து நில்லுலே'ன்னுதான் சொல்லுவாவ. அவியளுக்கு மட்டும் தெரியவே கூடாது."

உன் குரல். ஞாயிற்றுக்கிழமை போனில், பதான்கோட்டில் குளிர் தாங்கவில்லை என்று சொன்ன அதே குரல்.

திரை விலகியிருந்த இடத்தில் பார்த்தேன். வலது கால் குச்சியாக இளைத்து, முழங்காலில் நீளத் தையலோடு இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், எனக்குத் தெரியவே கூடாது என்று நீ சொன்னதை நினைத்து மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "கரண்ட் கூடிருச்சாம்மா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

எப்போது அடிபட்டது, எத்தனை நாளாக ஒளிந்திருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். உன் மனைவியையும் திட்ட மாட்டேன்.

வீட்டுக்கு வா. வாசற்படிக்குப் பக்கத்தில் கம்பி வைக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். ஏறும்போது நல்ல காலை முதலில் வை.

நம் வீட்டில் நீ கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம்.

உன் அம்மா