மெத்தைக்குள் தைத்துவிட்ட கதை நோட்டு

என் ரஹமத்துக் குட்டிக்கு,

அங்கே உனக்கு மேல் வலி தீர்ந்ததா? இங்கே பொம்மிடியில் வெயில் கொளுத்துகிறது. நாற்பது நாள் மெத்தை வேலையைத் தொடாமல் இருந்த அத்தா மறுபடியும் பஞ்சில் கை வைத்துவிட்டார். காலையில் ஸ்கூல் பஸ் ஹாரன் கேட்டால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வாசலைப் பார்க்கிறாள். அப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

நான் எட்டாவதோடு நின்று மெத்தை உறை தைக்க உட்கார்ந்தவள். நீ ஒன்பதாவது போனவள். தமிழ் வகுப்பில் கதை எழுதச் சொன்ன நாளிலிருந்து, தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் பாடம் எடுத்தாய். யாருக்கு ஒன்று வேண்டுமோ, யார் அதைத் தேடிப் போகிறாளோ, அவள்தான் முதன்மை மாந்தர். குறுக்கே நிற்பவர் எதிர்மாந்தர்.

"வில்லனா?" என்றேன்.

"அப்படியில்லக்கா. நல்லவங்களாவும் இருக்கலாம். அவங்களுக்கும் ஏதோ ஒண்ணு வேணும், அவ்ளோதான்."

"அப்ப நான் யாருடி?"

"நீ துணை மாந்தர். ஆள் வந்தா திரைச்சீலைக்குப் பின்னால ஓடிப் பூந்துக்கற இல்ல? முதன்மை மாந்தர்னா வாயத் தொறக்கணும்."

அன்றைக்கு நீ சொன்ன இன்னொன்றை என்னால் மறக்க முடியவில்லை. "மழை வந்துச்சு, அப்புறம் அத்தா வூட்டுக்கு வந்தாருன்னா அது வெறுமனே நடந்தது. மழை வந்துச்சு, அதனால பஞ்சு நனைஞ்சுது, அதனால அத்தா திட்டினாருன்னா அதுதான் கதைப்பின்னல்."

ரஹமத், உனக்குக் காய்ச்சல் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்புறம் நீ இல்லை. இதில் எங்கே 'அதனால' போடுவது? "அம்மாகிட்ட சொல்லாதக்கா, பரீட்சை இருக்குது" என்று முதல் நாள் நீ கெஞ்சினாய். நானும் சொல்லவில்லை. அதனாலா? சொல்லு, அதனாலா?

உன் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். கண்ணில் பட்டால் தாங்கவில்லையாம். உன் கதை நோட்டை மட்டும் நான் எடுத்து, பாதி தைத்து வைத்திருந்த ஒரு மெத்தை உறையின் அடி மூலையில் ஒளித்துவைத்தேன். அத்தா வேலையைத் தொடங்கிய அன்று அந்த உறையையே எடுத்துப் பஞ்சு திணித்துவிட்டார். எல்லாம் ஒரே சிவப்புக் கோடு போட்ட துணி. அவர் கொண்டுவந்து போட்டதும் வாயைத் தைத்தது நான்தான். என் கையாலேயே உன்னை மூடினேன். சாயங்காலம் நோட்டைத் தேடியபோது மெத்தை இண்டூருக்குப் போய்விட்டிருந்தது. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சீராக.

மறுநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தர்மபுரி போய் பஸ் மாறி, தனியாக, இண்டூருக்குப் போனேன். நம்புவாயா?

"யாரும்மா நீ?" என்றார் பெண்ணின் அம்மா.

"மெத்தைக்கார பாய் பொண்ணுங்க. அந்த மெத்தையக் கொஞ்சம் பிரிக்கணுங்க."

"நாளைக் கழிச்சு கல்யாணம். புது மெத்தையில கத்திரி வெக்கச் சொல்றியா? நல்லாருக்குது போ!"

அவர் கெட்டவர் இல்லை. மகள் நன்றாக வாழ வேண்டும், அவ்வளவுதான். நீ சொன்ன எதிர்மாந்தர் இவர்தானே என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிவிடத்தான் கால் எழுந்தது. ஆனால் வாய் திறந்துகொண்டது.

"உள்ள என் தங்கச்சி எழுதின கதை இருக்குதுங்க. அவ மௌத்தாயிட்டாங்க. செத்துட்டா. அவ எழுத்து எங்கிட்ட வேற இல்லீங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கல்யாண வீட்டில் சாவைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாவின் முகம் கறுத்தது.

மஞ்சள் பூசிய முகத்தோடு உள்ளே இருந்து பெண் வந்தாள். "பாவம்மா, எழுத்துல என்ன தீட்டு? நான் துணியப் பிடிச்சுக்கறேன். பிரி." அவள் பிடித்துக்கொள்ள, நான் போட்ட தையலை நானே பிரித்தேன். பஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவினேன். நோட்டு இருந்தது.

மறுபடி தைத்துக்கொண்டிருந்தபோது அவள் பக்கங்களைப் புரட்டினாள். "முடிவக் காணோமே?"

"எழுதலீங்க."

"நீயாவது எழுதி எடுத்துட்டு வா. அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு தெரியணுமில்ல?"

பஸ்ஸில்தான் படித்தேன். ஆள் வந்தால் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிகிற ஜரீனா என்ற பெண்ணின் கதை. உன் முதன்மை மாந்தர். என்னையா எழுதினாய்? ஏன்டி என்னிடம் சொல்லவில்லை? கடைசி வரி பாதியில் நிற்கிறது: 'அதனால அவள் கதவைத் திறந்து'. அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள். பக்கத்துச் சீட்டுக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டும்வரை நான் சத்தமாக அழுதுகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

மீதியை நான் எழுதுகிறேன். உன் அளவுக்கு வராது, எழுத்துப்பிழையும் இருக்கும். முடித்ததும் இண்டூருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நீ கதவைத் திறக்க வைத்த பெண்ணை, நான் திரும்ப உள்ளே அனுப்பமாட்டேன்.

வெறும் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்
உன் அக்கா,
சபீனா