சிரித்தவனுக்குக் கிடைத்த பாஸ்

அலோர் காஜா, 1952

அன்பு மகள் கோமளாவுக்கு அப்பா எழுதுவது. கம்பிவேலிக்கு உள்ளே நானும் உன் அம்மாவும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் குறையில்லாமல் இருக்க மாரியம்மன் கண் பார்க்கட்டும். பிரசவத்துக்கு அம்மா வந்தே ஆகவேண்டும் என்று எழுதியிருந்தாய். நாங்களும் உடனே இரண்டு பேருக்கும் பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்தோம், போலீஸ் துரை கையெழுத்துப் போடாமல் தோட்டத்துக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்க முடியாது. பாஸ் நின்றுபோனது. காரணத்தைச் சொன்னால் நம்பமாட்டாய், நான் சிரிக்கவில்லையாம்.

காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று லயத்து வீடுகளை வேலிக்குள் அடைத்த பிறகு, சர்க்கார் படவண்டி வந்து, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் திரை கட்டிச் சிரிப்புப் படம் காட்டுகிறது. அதில் ஒருவன் முடியைக் கோதிக்கொண்டு வருகிறான், இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். யாரோ புது நடிகரைப் போலச் செய்கிறானாம். எனக்கு எந்தப் புது நடிகரைத் தெரியும்? நீ பிறந்த பிறகு மலாக்காவுக்குப் போய் நான் படமே பார்த்ததில்லை. கடைசியாகப் பார்த்ததில் ராஜா கத்திக்குத்துப் பட்டு விழுந்தும் சாகாமல் நாலு பாட்டுப் பாடினார், நான் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் அழுதார்கள். படவண்டி வந்த அன்று போலீஸ் துரை டார்ச் அடித்து எங்கள் முகங்களைப் பார்த்திருக்கிறார். மறுநாள் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி கூப்பிட்டு, "என்னய்யா தம்புசாமி, சர்க்கார் காசு போட்டுச் சிரிக்கச் சொல்லுது, நீ உம்முனு உக்காந்திருக்கே, காட்டுக்காரனோட சேர்க்கையா?" என்றார். புரியவில்லை என்றேன். "புரிஞ்சா எல்லாரும் சிரிக்கிறான்? துரைக்குத் தமிழே தெரியாது, அவரு சிரிக்கலையா லா?" என்றார்.

எதிர்வீட்டுச் சுப்பனுக்குப் பாட்டுப்புத்தகமெல்லாம் மனப்பாடம், அவனிடம் பாடம் கேட்டேன். ஒவ்வொரு பகடியாக விளக்கினான். ஒவ்வொன்றுக்கும் "இதுல சிரிப்பு எங்கடா?" என்றேன். "மாமா, ஒங்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே சிரிப்பு வரமாட்டேங்குது. என் தோளைப் பாருங்க, குலுங்கினா சிரிங்க லா" என்று கை கழுவிவிட்டான். அடுத்த முறை அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் வயதுக்காரர்கள் எல்லாரும் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. நடுவில் படத்தை நிறுத்தித் துரை மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் பேச, கிராணி தமிழில் சொன்னார். அரிசிப் பங்கீட்டை இன்னும் குறைக்கிறார்களாம், எங்களுக்கு வயிறு நிறைந்தால் மிச்சம் காட்டுக்குப் போய்விடுமாம். அந்த நேரம் பார்த்துச் சுப்பனுக்கு இருமல் வந்து தோள் குலுங்கியது. நான் சிரித்தேன். எனக்குப் பின்னால் மொத்த லயமும் சிரித்தது. பிறகு நிறுத்த முடியவில்லை கோமளா, அந்த ஒரு பகடிதான் விளக்கம் இல்லாமல் எங்களுக்குப் புரிந்தது. சோற்றைப் பிடுங்குகிறோம் என்று சொல்ல ஒரு மைக், அதை மொழிபெயர்க்க ஒரு தமிழன், வரிசையாக உட்கார்ந்து கேட்க நாங்கள். துரைக்கு ஒரே பூரிப்பு. உத்தரவை இவ்வளவு சந்தோஷமாக ஏற்ற தோட்டம் வேறு இல்லை என்று என் கையைக் குலுக்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

என் பாஸில் மட்டும். உன் அம்மா அன்று சிரிக்கவில்லை, அதையும் டார்ச் பார்த்திருக்கிறது. துரை முன்னால் ஒரு தடவை சிரித்துக் காட்டினால் வாங்கித் தருகிறேன் என்று கிராணி அவளிடம் சொல்லிப் பார்த்தார். "சோத்துக்கு ஒலை வைக்கிறவ நானு. அரிசியில கை வச்சவன் முன்னால பல்லக் காட்ட எனக்கு வராது. நீங்க சிரிங்க, ஒங்களுக்கு அதுக்குத்தான் சம்பளம்" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து உன் பெயரைச் சொல்லி அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, நீயும் கோபித்துக்கொள்ளாதே.

ஆகையால் உன் பிரசவம் பார்க்க நான்தான் வருகிறேன். தலையணையைக் காலில் போட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டும் விதத்தை உன் அம்மா தினமும் சொல்லித் தருகிறாள், தலையணையின் மூக்கில் தண்ணீர் போனதென்று என் தலையில் குட்டுகிறாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்து இடிக்கப் பழகிவிட்டேன். மாப்பிள்ளையைப் பயப்படவேண்டாம் என்று சொல். நீ கனமான வாளி தூக்காதே. தாயும் பிள்ளையும் தனித்தனியாகி நல்லபடி பிழைத்து நெடுநாள் வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒரு காரியம் செய், பக்கத்து வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்பிள்ளை யாராவது இருந்தால் இப்போதே சொல்லி வை, நான் வந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவுக்குப் பதிலாக வரும் அப்பா,
தம்புசாமி