வாசலில் ஒரு கிளாஸ் தண்ணீர்

மிலுட்டின்,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. இன்று வெள்ளி, விரதம். தொத்திறைச்சி போட்டுக் கெடுத்துவிடாதே.

நேற்று டிவி தொடரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? "புருஷன் பேச்ச மீறி தங்கச்சியப் பாக்கப் போனவள, நானா இருந்தா திரும்ப வீட்டுக்குள்ள விடவே மாட்டேன்!" என் தங்கை ஒல்காவுக்கு நாளை அறுவை சிகிச்சை என்று தெரிந்தேதான் சொன்னாய். அந்தத் தொடரிலேயே உருப்படியான கட்டம் அவள் கிளம்பிப் போனதுதான். நானும் போகிறேன்.

என் வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன். தொடரில் அவள் திரும்பி வந்து வாசலில் நின்று அழுதாள். நான் அழமாட்டேன். ஞாயிறன்று வந்து வாசல் மணி அடிப்பேன்.

ஸ்லாவிட்சா

பி.கு.: நான் ஊருக்குக் கிளம்பினால், நல்லபடியாகத் திரும்பட்டும் என்று என் பின்னாலேயே தண்ணீர் ஊற்றுவாய். இன்று தூங்குவதுபோல் நடித்தாய். கிளாஸை நிரப்பி வாசலில் வைத்திருக்கிறேன். நான் திரும்பி வரவேண்டுமென்றால் ஊற்று. வேண்டாமென்றால் நீயே எடுத்துக் குடி.