அரைஞாணைக் கழற்றிய செவ்வாய்

சுகுணா,

செவ்வாய்க்கிழமை ஷிப்டுக்குப் போகாமல் எங்கே போனார் என்று மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. ஓசூர் ஆஸ்பத்திரியில் என்னோடுதான் இருந்தார். பிள்ளை பெற்ற உடம்பு, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றது நான். அவருக்குப் போன் போட்டதும் நான்தான். ஆமாம், மாப்பிள்ளை என்றுதான் எழுதியிருக்கிறேன். கூட வந்தவர் என்ன உறவு என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், வேறென்ன சொல்வது?

காய்ச்சல் விட்டும் நெஞ்சுவலி விடவில்லை. அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகு, காரணம் பார்க்க இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாதாம். "உசுரோட இருக்கறவன் அரைஞாண கழட்டுவானா?" என்று நர்சிடம் மல்லுக்கு நின்றேன். "குடுங்க மாமா, நீங்க வர்ற வரைக்கும் நான் கட்டிக்கறேன்" என்று மாப்பிள்ளை அந்த வெள்ளிக்கொடியைப் பேண்ட்டுக்கு மேலேயே கட்டிக்கொண்டார். நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும்தான்.

முக்கால் மணி நேரம் அந்தக் குழாய்க்குள் சொன்னபோதெல்லாம் மூச்சை நிறுத்திக் கிடந்தேன். இதயத் தசையில் வீக்கம்தானாம், காய்ச்சல் செய்த வேலை. மாத்திரையிலும் ஓய்விலும் ஆறிவிடும், மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நாலு கிலோ பேரனைத் தூக்கலாமா என்று கேட்டேன். தாராளமாகத் தூக்கலாமாம்.

அரைஞாணை நான் திருப்பி வாங்கவில்லை. அதை உருக்கிக் குழந்தைக்குச் செய்யச் சொல். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கட்டுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை அனுப்பு. உன் வீட்டுக்கு எனக்கு வழி தெரியாது.

அப்பா