இவருடைய பித்தப்பை

4.3.08 செவ்வாய்

விடியமுன்னே புழுக்கம். இவருக்கு ஸ்கான், மட்டக்களப்பில். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். எப்படி விடுவது? சித்தாண்டியிலிருந்து மூன்று சோதனைச் சாவடி, வெயிலில் வரிசை. போன மாதம் பசியில் மயங்கிய ஒருவரைச் சந்தேகப்பட்டு ஆமி கூட்டிப்போனது. சோறு கொடுக்கவில்லை. எருமைத் தயிர் மட்டும் ஒரு சட்டி, சீனி போட்டு. தயிர் குளிர்ச்சிதானே.

டொக்டர்: "ஒண்டும் சாப்பிடல்லையே?"

முந்திக்கொண்டு நான்: "இல்ல டொக்டர்."

பித்தப்பை சுருங்கிக் கிடக்கிறதாம். சுவர் தடிப்பாம். உள்ளே ஒரு பொட்டு. "கல்லோ, சதையோ, கூடாத வருத்தமோ, இப்ப சொல்லேலாது. பையை எடுக்க வேண்டியும் வரலாம். அடுத்த செவ்வாய் திரும்ப வாங்க."

கூடாத வருத்தமென்றால் புற்றுநோய். சொல்லேலாதென்றால் மெஷின் எதற்கு?

5.3

பக்கத்து வீட்டுக் கமலா: "கவனம் கா. பித்தப்பை எண்டு சொல்லிப்போட்டு கிட்னிய எடுப்பாங்களாம்."

நம்பவில்லை. ஆனாலும் அந்த டொக்டர் ஏன் பேனையைத் திருகிக்கொண்டே பேசினார்? வாகரையில் சுனாமிக் கடல் வந்து எங்கள் வீட்டை அள்ளியபோது ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்போது வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்கிறார்களாம்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர்க்காரம், பனடோல்.

8.3

வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டு. இவர் பாதியில் திரும்பி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தினார். கேட்டால், "வாய்வு புள்ள." பொய். எனக்கு மறைக்கிறார். கூடாத வருத்தமாக இருந்தால்? பயம். இவரை விட்டால் எனக்கு யார்?

11.3 செவ்வாய்

மழைத் தூறல். தயிர்க்காரர் வரவில்லை. இவர் வெறும் வயிற்றோடுதான் போனார்.

டொக்டர் இவரைச் சரித்துப் படுக்க வைத்துப் பார்த்தார், இருத்திப் பார்த்தார். "கல்லெண்டா உருளும், பின்னால நிழல் விழும். இது அசையல்ல, சுவரில ஒட்டியிருக்கு. சின்னச் சதை வளர்த்தி. ஆறு மாதத்தில திரும்பப் பாப்பம். பெருத்தாத்தான் வெட்டுறது." வலி கேஸ்ட்ரிக்காம். விழுங்கக் குளிசை தந்தார்.

"சுவர் இண்டைக்கு நல்லாயிருக்கு. அண்டைக்கு ஏதும் சாப்பிட்டவரா? கொழுப்புப் பட்டா பை சுருங்கிப்போகும், சுவர் தடிச்ச மாதிரித்தான் தெரியும்."

இவர் என்னைப் பார்த்துவிட்டு, "இல்ல டொக்டர்."

பொறுக்க முடியவில்லை. "தயிர் குடுத்தனான். ஒரு சட்டி."

டொக்டர் பேனையை வைத்தார். "இனி நீங்க சொல்றத நான் எப்பிடியம்மா நம்புற?"

வெட்கம். ஒரு கிழமையாக அந்த மனுசனைக் கள்ளனாக்கி வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது சாவடியில் ஆமிக்காரன் என் பையைக் காட்டி என்ன என்று கேட்டான். குளிசை மட்டும்தான் என்றேன். அவனும் நம்பவில்லை. கொட்டிப் பார்த்தான்.