ஆறு நாற்பது பஸ் ஓடாத வெள்ளிக்கிழமைகள்

பிப்ரவரி 6, வியாழன். திருப்போரூர்

நாளைக்கான பக்கம் முடிந்தது. பாக்கியம் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறாள், ஜெயிக்கிறாள், உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறாள். நான்கே கட்டம்.

'ஆறு நாற்பது பஸ்'ஸுக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. காலை பஸ்ஸில் வேலைக்குப் போகும் பாக்கியம் மாதிரிப் பெண்களைப் பற்றி நானே எழுதி, நானே வரைந்து, வெள்ளிக்கிழமைதோறும் நெட்டில் போடும் படக்கதை. பத்திரிகையும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதில் ஒருவர் செய்யூர் பக்கம் கண்டக்டராக இருக்கும் ஜோஷ்வா அண்ணன். நேரில் பார்த்ததில்லை. வாராவாரம் திருத்தம் அனுப்புவார். இன்று: "டிக்கெட் மிஷினு இடது கைல இருக்கணும் மேடம். வலது கை சில்லறைக்கு."

சாயங்காலத்திலிருந்து வலது கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன. ஓரத்தில் ஒரு நிழல் வேறு. தூக்கம் போதவில்லை போல.

பிப்ரவரி 11

காரணம் தூக்கக்குறைவு இல்லை. விழித்திரை பிரிந்துவிட்டதாம். எட்டாம் தேதி சென்னையில் ஆபரேஷன். கண்ணுக்குள் வாயுக்குமிழ் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது சரியான இடத்தை அழுத்த வேண்டுமானால் பதினான்கு நாள் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான், தூக்கமும் அப்படித்தான்.

இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். இத்தனை நாள் வரைந்ததெல்லாம் வலது கண்ணை நம்பித்தான்.

கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு, கீழே ஸ்டூலில் நோட்டை வைத்து, இடது கண்ணால் எழுதுகிறேன். எழுத்தெல்லாம் கத்திரிக்காய் அளவு.

பிப்ரவரி 14, வெள்ளி

நான்கு வருடத்தில் முதல்முறையாக பஸ் ஓடவில்லை.

"கண் ஆபரேஷன், கொஞ்ச நாள் வராது" என்று என் வீட்டுக்காரர் மணி, படக்கதை வரும் நெட் பக்கத்தில் போட்டார். அதிலிருந்து போன் ஓயவில்லை. எப்போ வரும்? எந்த ஆஸ்பத்திரி? கேரட் ஜூஸ் குடிங்க. கம்ப்யூட்டர் பாத்ததாலதான். எல்லாம் அன்புதான், தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு "எப்போ வரும்" கேள்வியும் நெஞ்சில் ஒரு குத்து. எனக்கே தெரியாததை என்னிடம் கேட்டால்?

பிப்ரவரி 19

யாரோ பாக்கியத்தை வரைந்து போட்டிருக்கிறார்கள்! 'இந்த வாரம் நாங்கள் பஸ் ஓட்டுகிறோம்' என்று தலைப்பு. மணி போனை என் முகத்துக்குக் கீழே காட்டினார். மூக்கே வேற. புடவைக் கட்டு வேற. யாரைக் கேட்டு வரைஞ்சாங்க? நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன் —

போட்டவர் ஜோஷ்வா அண்ணன்.

கோபத்தில் நானே பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஜோஷ்வா அண்ணன் போன் செய்தார். குரலை இன்றுதான் முதன்முதலாக நேரடியாகக் கேட்கிறேன்.

"தப்புதான் மேடம். எடுத்துட்டேன். ஜனம் பாக்கியத்தை மறந்துடுவாங்களோன்னு ஒரு பயத்துல பண்ணிட்டேன்."

அவருக்குப் பின்னால் பஸ் ஹாரன், யாரோ 'மதுராந்தகம் போவுமா' என்று கேட்கும் சத்தம். பிறகு மெதுவாகக் கேட்டார்: "சரி, நாங்க இன்னா பண்ணா உனக்கு ஒத்தாசையா இருக்கும்? நீயே சொல்லும்மா."

மேடம் எப்போது அம்மாவாக மாறியது என்று தெரியவில்லை. இதுவரை ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கேட்டதும் பதில் தானாக வந்தது.

"எனக்கு பஸ் வேணும்ணா. ரெண்டு வாரமா தரையத்தான் பாத்துட்டுக் கெடக்கேன். பஸ்ல இன்னைக்கு என்ன நடந்ததுன்னு யாராவது சொன்னாப் போதும்."

பிப்ரவரி 23

படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஜோஷ்வா அண்ணன் எழுதியிருக்கிறார்: "எப்ப வரும்னு யாரும் கேக்காதீங்க. வைத்தியம் சொல்லாதீங்க. உங்க பஸ்ஸுல இன்னிக்கி இன்னா நடந்துச்சோ அத்த பேசி அனுப்புங்க. அவங்க பதில் போடணும்னு எதிர்பாக்காதீங்க."

மாலைக்குள் முப்பத்தோரு குரல்கள்.

குமிழ் இன்னும் கரையவில்லை, கண்ணுக்குள் தண்ணீர்மட்டம் போல ஆடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரமாகக் காணாத பசி வந்தது. மணி இரண்டாவது தடவை சோறு வைத்தார்.

பிப்ரவரி 27

இன்று வந்தது ஒரு முத்து. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"கண்ணு, எம் பேரு காசியம்மா. செய்யூரு. மாமல்லபுரத்துல ஒரு ஓட்டல்ல ரூமு கூட்டித் தொடைக்கற வேல. எனக்குப் படிக்க அவ்ளோவா வராது. எம் பொண்ணு போன்ல காட்டுவா, நான் படத்த மட்டும் பாத்துக்குவேன். இன்னிக்கி பஸ்ஸுல ஒருத்தி இம்மாம் பெரிய நிலைக்கண்ணாடி ஏத்திக்கினு வந்தா. பொண்ணு கல்யாணத்துக்காம். அத்த எங்களப் பாக்க நிக்க வச்சிட்டா. யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? ஒருத்தி தலைய வாரினா. ஒருத்தி பொட்ட சரி பண்ணா. பூக்காரி கூடைலேர்ந்து ஆளுக்கு ஒரு முழம் குடுத்தா. மாமல்லபுரத்துல எறங்கறப்ப பாக்கணுமே, எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தாப்புல கீறோம்! நான் பூவ வச்சிக்கினே கக்கூசு கழுவினேன் கண்ணு."

மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை மணியையும் உட்காரவைத்துக் கேட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

வெள்ளிக்கிழமைகள் காலியாக இல்லை. படிக்கிறவர்கள் பழைய பக்கங்களில் ஒன்றை எடுத்து, என்னிடம் கேட்டுவிட்டு, அதைப் படித்தபோது தங்களுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்று எழுதிப் போடுகிறார்கள். இந்த வாரம் அச்சரப்பாக்கத்திலிருந்து வசந்தா என்பவர்: "இது வந்த அன்னைக்குத்தான் எனக்கு வேலை போச்சு. பாக்கியம் செருப்பறுந்து நடக்கறதப் பாத்து பஸ் ஸ்டாண்டுல தனியா சிரிச்சேன். அப்புறம் வீட்டுக்குப் போக தைரியம் வந்துச்சு."

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் செருப்பைத்தான் வரைந்தேன்.

மார்ச் 22

குமிழ் கரைந்துவிட்டது. பார்வை வந்திருக்கிறது. ஆனால் நேர்கோடு எதுவும் நேராக இல்லை. கதவு நிலை நடுவில் வளைகிறது, ஜன்னல் கம்பிகள் நெளிகின்றன. "கொஞ்சம் குறையலாம். முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

பஸ் என்பதே நேர்கோடுகள்தானே. இனி எப்படி?

ஏப்ரல் 3

ஸ்கேல் வைத்து வரைந்தேன். ஸ்கேலே வளைந்திருக்கிறது.

ஏப்ரல் 12

கிழித்துப்போட்ட தாள்களை மணி கூடையிலிருந்து எடுத்துப் பிரித்துவிட்டார்.

"இன்னா பிரியா இது, வரையற, கிழிக்கற, வரையற, கிழிக்கற?"

"பஸ் கோணலா வருது."

"வந்தா?"

"பாக்கறவங்க பாவப்படுவாங்க. பாவம் பாத்து யாரும் படிக்க வேணாம்."

அவர் தாளை நீவிக்கொண்டே இருந்தார். "ரெண்டு மாசமா ஒரு கேள்வி கேக்காம உனக்குப் பேசிக்கினே கீறாங்க. அவங்க உன்ன நம்பறாங்க. உனக்குத்தான் அவங்கள நம்பத் தெரில."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். சரியாகத்தான் சொன்னார்.

ஏப்ரல் 25, வெள்ளி

போட்டுவிட்டேன். காசியம்மாளைக் கேட்டு, அவர் சொன்ன கண்ணாடிக் கதையையே எட்டுக் கட்டங்களாக. 'கதை சொன்னவர்: காசியம்மாள், செய்யூர்.' கீழே ஒரு வரி: "என் கண்ணில் இப்போது கோடுகள் வளைகின்றன. பஸ் கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்."

போட்டதும் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

காசியம்மாள்தான் முதலில் கூப்பிட்டார். "பஸ்ஸு கோணலா கீதுன்னு எழுதிகீறியாமே, பொண்ணு படிச்சிக் காட்டினா. நம்ம ரோட்டுல பஸ்ஸு என்னிக்கு கண்ணு நேரா போச்சு? இப்பதான் கரெக்டா போட்டுகீற!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சோப்பு நுரையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் ஜோஷ்வா அண்ணன். வாழ்த்து இல்லை, விசாரிப்பு இல்லை. "மூணாவது கட்டத்துல பின்னாடி படிக்கட்டு டிரைவர் பக்கம் வந்துட்ச்சு மேடம். மாத்திடுங்க."

மறுபடியும் மேடம் ஆகிவிட்டேன். பாவம் பார்த்து ஒரு தப்பைக்கூட விடவில்லை மனிதர். என் வேலை பழையபடி வேலைதான் என்று இதைவிட எப்படிச் சொல்வது? உடனே மாற்றினேன்.

ஜூன் 13, வெள்ளி

தொடர்ந்து எட்டாவது வாரம். கண் அப்படியேதான் இருக்கிறது. குரல்கள் இன்னும் வருகின்றன.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செங்கல்பட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் புத்தகச் சந்தை. பஸ் கதைகளை நாங்களே அச்சடித்த தொகுப்போடு எங்களுக்கும் ஒரு மேசை. காசியம்மாளை வரச் சொல்லியிருந்தேன். ஓட்டலில் லீவு சொல்லிவிட்டு, நீலப் பட்டுப்புடவையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மேசையில் என் பெயரோடு அவர் பெயரையும் எழுதி வைத்திருந்தேன்.

ஒரு காலேஜ் பெண் புத்தகத்தை வாங்கி, கண்ணாடிக் கதைப் பக்கத்தைத் திறந்து, என்னைத் தாண்டி அவரிடம் நீட்டினாள். "நீங்கதானே இதச் சொன்னது? ஒரு கையெழுத்து போடுங்கம்மா."

காசியம்மாள் என்னைப் பார்த்தார். "இன்னாத்த போடறது?"

"உங்க பேருதான்."

பேனாவை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். பெரிய எழுத்து. கடைசி எழுத்து என் படத்துக்குள் ஏறி பஸ்ஸின் டயரில் போய் நின்றது. அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றவர்களும் அதே பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

மேசையின் நடுவில் அவருக்கு இடம் விட்டு, என் நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.