வலது கைப் பக்கத்துத் துண்டுகள்

பிப்ரவரி 12, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பாவின் அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் பாப்பாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: நீ திரும்பி வரும் தேதியைத் தெரிந்துகொள்வது. தொலைபேசியில் கேட்டால், குழந்தை அழுகிறது என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தில் குழந்தை அழாது. ஆகவே எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனாய். எட்டு மாதம் முடிந்துவிட்டது. குழந்தை குப்புற விழட்டும் என்றாய், விழுந்தாள். தவழட்டும் என்றாய், தவழ்ந்தாள். இனி நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்குப் போகட்டும் என்று நீட்டித்துக்கொண்டே போக முடியும். முடிவுத் தேதி இல்லாத விடுப்பை எந்த அலுவலகமும் அனுமதிப்பதில்லை. வீட்டுக்கும் அது பொருந்தும் என்பது என் தாழ்மையான கருத்து.

வீட்டில் குறையொன்றும் இல்லை. சமைக்கிறேன். உப்பை அளந்தே போடுகிறேன். ஆனாலும் ஒருநாள் கூடுகிறது, ஒருநாள் குறைகிறது. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றியாயிற்று. அலுவலகத்தில் வழக்கம்போல. சென்ற வாரம் கடைத்தெருவில் முப்பத்தெட்டுத் தராசுகளைச் சோதித்து, ஏழுக்கு முத்திரை மறுத்தேன். இறைச்சிக் கடைக்காரர் தட்டின் அடியில் காந்தம் ஒட்டியிருந்தார். கேட்டால், தான் ஒட்டவில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது, காந்தம் என்றால் அப்படித்தானே சார் என்கிறார். என்னுடன் வந்த எழுத்தர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அடியில் ஒளித்து வைப்பதை இருபத்தாறு ஆண்டாகப் பார்த்துவருகிறேன். என் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

இன்னொரு செய்தி உண்டு. நீ புறப்பட்ட மறு வாரம் துறைமுகப் படத்தைத் தொடங்கினேன். ஆயிரம் துண்டைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா. கீழ்ப்பாதியில் படகுகளும் பண்டகசாலையும், மேற்பாதி முழுவதும் மேகம். ஆயிரம் துண்டை மூன்று மாதத்துக்குள் முடிப்பவன் நான் என்பது உனக்குத் தெரியும். நோட்டில் ஒவ்வொரு மாலைக்கும் எண்ணிக்கை இருக்கிறது. இந்த முறை எட்டு மாதத்தில் ஓரமும் படகுகளில் பாதியும்தான் ஆகியிருக்கின்றன.

காரணத்தை முறைப்படி ஆராய்ந்தேன். துண்டுகள் குறைகின்றனவோ என்று எண்ணிப் பார்த்தேன், ஆயிரமும் இருக்கின்றன. விளக்கு மங்கலோ என்று பல்பை மாற்றினேன். கண் மருத்துவர், வயதுக்குக் கண் மிக நன்றாக இருக்கிறது என்கிறார். வெட்டு சரியில்லை என்று பொம்மைக் கடைக்காரரிடம் பெட்டியைக் கொண்டுபோய்ப் புகார் செய்தேன். அவர் நான்கு துண்டுகளை எடுத்துச் சேர்த்துக் காட்டிவிட்டு, “வெட்டெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. வீட்ல அம்மா ஊர்ல இல்லையா?” என்றார். இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். சும்மா கேட்டதாகச் சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

விதிகளில் மாற்றமில்லை. ஓரம் முதலில், பெட்டி மூடியிலுள்ள படத்தை ஒருமுறை பார்த்தபின் அலமாரியில் வைத்துவிட வேண்டும், மேசையை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. இந்த மூன்றாவது விதியை நீ ஒருநாளும் மீறியதில்லை. தூசி தட்டும்போதுகூட மேசைக்காலோடு நிறுத்திக்கொள்வாய். அதற்கு நான் நன்றி சொன்னதாக நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

நேற்றுச் சுழியம். முந்தாநாளும் சுழியம். அதனால் மனம் கெட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பால்காரரிடம் சற்றுக் கடுமையாகப் பேசிவிட்டேன். இன்று அவர் வரவில்லை.

தேதியைக் குறிப்பிட்டுப் பதில் எழுது. பயணச்சீட்டை நானே எடுத்து அனுப்புகிறேன். பேத்திக்கு என் ஆசி.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


மார்ச் 5, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. நான்கே வரி. எல்லோரும் சௌக்கியம் என்பது முதல் வரி. குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்பது இரண்டாவது. இப்போதைக்கு வருவதாக இல்லை, கோபிக்க வேண்டாம் என்பது மூன்றாவது. துறைமுகம் எத்தனை துண்டு சேர்ந்தது என்பது நான்காவது.

மூன்றாவது வரி தந்த எரிச்சலை நான்காவது வரி ஆற்றியது. என் பொழுதுபோக்கை மதித்து விசாரிக்கும் ஒரே ஆள் நீதான் என்று எண்ணிக்கொண்டேன். தொலைபேசியிலும் நீ முதலில் கேட்பது அதைத்தான். எத்தனை சேர்ந்தது என்று கேட்டு, பதிலைப் பொறுத்துப் பேச்சை நீட்டுவாய் அல்லது குழந்தை அழுகிறது என்பாய். இந்த ஒழுங்கு நேற்றுவரை எனக்குத் தென்படவில்லை.

நேற்று மாலை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்க வந்தார். நான் மேசையில் இருந்தேன். ஒரு மேகத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடமாக இடம் தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் நின்று பார்த்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அக்கா இருந்திருந்தா இந்நேரம் சரியான துண்டா பார்த்து உங்க கைப்பக்கத்துல வச்சிருப்பாங்க. பாவம் சார் நீங்க.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மழுப்புகிறவரிடம் உண்மையை வாங்குவது என் தொழில். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை, ஆனால் சொன்னார். மத்தியானம் இரண்டு மணிக்குமேல் அவர் தையலை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவாராம். நீ மேசையில் உட்கார்வாயாம். சேரவேண்டிய இடத்தைப் பார்த்து, துண்டைத் தேடி, பொருத்திப் பார்த்து, சரியென்று தெரிந்ததும் மறுபடி எடுத்துவிடுவாயாம். எடுத்ததைக் குவியலின் மேல், என் வலது கைப் பக்கமாக, மற்றத் துண்டுகளோடு கலந்து கிடப்பதுபோல வைப்பாயாம். சாதாரண நாளைக்கு ஏழெட்டு. ஒருமுறை பூனைப் படத்தில் ஒரு துண்டு உடைந்துபோக, அவரையே பொம்மைக் கடைக்கு அனுப்பி, இன்னொரு பெட்டி வாங்கி அந்த ஒரு துண்டை மாற்றி வைத்தாயாம். கடைக்காரர் உன்னைப் பற்றி விசாரித்ததன் பொருள் இப்போது விளங்குகிறது. தெருவில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று அவரிடம் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “துண்டு சேராத அன்னைக்கு வீட்ல யாருக்கும் சோறு இறங்காதுன்னு அக்கா சொல்லுவாங்க சார். பாப்பாவுக்குப் பரீட்சைன்னா பதினஞ்சு வைப்பாங்க.”

சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருவர் வாக்குமூலத்தை மட்டும் வைத்து நான் முடிவுக்கு வருவதில்லை. என் நோட்டுகளை எடுத்தேன். பாப்பா கணக்கில் முப்பத்தொன்று வாங்கிய மதிப்பெண் அட்டையில் நான் கையெழுத்திட்ட நாள்: பதினாறு துண்டு. உன் தம்பி வேலை போய் வந்து நம்மோடு தங்கியிருந்த இரண்டு மாதம்: எந்த நாளும் பன்னிரண்டுக்குக் குறையவில்லை. பாப்பா தனக்கு மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டாள் என்று நீ வந்து சொன்ன நாள்: இருபத்து நான்கு. பாய்மரக் கப்பல் முழுவதும் அந்த ஒரே மாலையில் எழுந்து நின்றது. நீ சொல்லி முடித்ததும், பையனை வரச்சொல், பார்க்கலாம் என்றேன். அன்று முதல் அதை என் பெருந்தன்மை என்று நினைத்து வந்திருக்கிறேன். அந்தப் பெருந்தன்மையையும் நீ மத்தியானமே தேடி எடுத்து, கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருக்கிறாய்.

எப்போது தொடங்கியது என்பது தையல்காரம்மாவுக்குத் தெரியவில்லை. நோட்டுக்குத் தெரிந்திருக்கிறது. பாப்பா நான்காம் வகுப்பு படித்த ஆண்டு. தொடர்ந்து நான்கு மாலை சுழியம். ஐந்தாம் நாள் ஒரு ஞாயிறு. ஓரக்கோடு கோணல் என்று சொல்லி, அவளுடைய நோட்டு முழுவதையும், நாற்பத்திரண்டு பக்கம், திரும்ப எழுதவைத்தேன். எழுதி முடித்தபோது அவள் விரல் வீங்கியிருந்தது. நீ அந்தக் கையை வெந்நீரில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுநாள் திங்கள்கிழமை என் நோட்டில் பதினொன்று என்று இருக்கிறது. அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகளில், நீ வீட்டில் இருந்த எந்த நாளிலும் சுழியம் இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம் என்பதை மறைக்க மாட்டேன். இன்னும் அது முழுதாகப் போகவில்லை. தட்டின் அடியில் காந்தம் வைத்தவனைப் பிடித்தவன் நான். என் தட்டின் அடியில் பதினாறு ஆண்டு இருந்த விரலை நான் காணவில்லை. குழந்தைக்கு ஊட்டுவதுபோல எனக்கு வெற்றியை ஊட்டி, நான் மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பதினோரு படங்கள் தொங்குகின்றன. இன்று காலை அவற்றில் எந்தத் துண்டு என்னுடையது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரங்கள் மட்டும் உறுதியாக என்னுடையவை. மற்றதற்கு என்னால் முத்திரை வைக்க முடியாது.

என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம் என்று இந்த இடத்தில் எழுதினேன். எழுதிய வரியை அடித்துவிட்டேன். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் வேறொன்று என்னை அதிகம் உறுத்துகிறது. துண்டு தன் இடத்தில் போய் உட்காரும்போது விரல்நுனியில் ஒரு சின்ன அழுத்தம் தெரியும். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் இன்பம் அவ்வளவுதான். அதற்காகத்தான் மணிக்கணக்கில் முதுகு வளைகிறது. நீ ஒவ்வொரு மத்தியானமும் அந்த இடம்வரை போய், அதை உணர்ந்து, உடனே துண்டைப் பிடுங்கி எடுத்திருக்கிறாய். இத்தனை ஆண்டில் நீ வைத்த ஒரு துண்டுகூட வைத்த இடத்தில் இருந்ததில்லை. அதை என்னால் ஒருநாள்கூடச் செய்ய முடியாது.

உன் கடிதத்தோடு பாப்பா ஒரு புகைப்படம் வைத்திருந்தாள். தரையில் ஒரு ஜிக்சா. ஐந்நூறு துண்டு இருக்கும். மூடி சுவரில் நிமிர்ந்து சாய்ந்திருக்கிறது. நீ நடுவிலிருந்து, ஒரு பறவையின் கழுத்திலிருந்து, தொடங்கியிருக்கிறாய். ஓரம் எதுவும் ஆகவில்லை. சென்ற வாரம் அதைப் பார்த்தபோது, இத்தனை ஆண்டு என்னோடு இருந்தும் முறை தெரியவில்லையே என்றுதான் தோன்றியது. இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பல்வரிசையை நான் எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று நோட்டில் இல்லை.

உன் நான்காவது வரிக்குப் பதில்: இருநூற்று எண்பத்தேழு. இனி அதைக் கேட்க வேண்டாம். என் எண்ணிக்கையைப் பார்த்துப் பேசவேண்டிய தேவை உனக்கோ பாப்பாவுக்கோ இனி இல்லை. சென்ற கடிதத்தில் தேதி கேட்டிருந்தேன். அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மேசையைத் தொடாததற்காகச் சொன்ன நன்றியையும் திரும்பப் பெறவேண்டியவன். அதற்குப் பதிலாக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் குளிர்காலத்தில் இன்னும் வலிக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது. பேத்தி கையில் துண்டு அகப்பட்டால் வாயில் போடுவாள். பல் முளைக்கும் நேரம், கவனம். அவள் எதையாவது கோணலாக வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். பறவையை முடி. முடித்ததை எடுக்காதே. இதை உத்தரவாகப் படிக்க வேண்டாம்.

இப்போது மணி ஐந்தரை. இக்கடிதத்தை ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். அலமாரியிலிருந்து மூடியை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைப்பேன். ஏழு மணிவரை தேடுவேன். ஒன்றும் சேராவிட்டால் நோட்டில் சுழியம் என்று எழுதுவேன். எழுதிவிட்டு, யாரையும் ஒன்றும் சொல்லாமல், சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா